பதிவேட்டில் இன்னும் இருசக்கரம்

விவாகரத்தில் எனக்கு வந்தவை
ஒரு தையல் மிஷின்,
பாதி உருளைக்கிழங்குக் குழி,
ஓடாத இஷ் மோட்டார் சைக்கிள்.
நாய் ரோதியோனோடு போய்விட்டது.

பினேகா ஆறு வருஷத்தில் இரண்டு முறை
யாரையும் அண்டவிடாது.
அக்டோபர் கடைசியில் அதன் பனி
படகைக் கிழிக்கும், ஆளைத் தாங்காது.
அக்கரையில் பதினேழு வீடுகள்.
இக்கரையில் நானும் என் ஊசிப்பெட்டியும்.
போன வருஷம் லுகேரியாவின் கணவருக்கு
மூச்சுத் திணறியபோது
போனில் நான் சொல்லச் சொல்ல
அவளே எல்லாம் செய்தாள்.
சொன்னது எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள்.

ஆகவே, இரும்பு அறுக்க உட்கார்ந்தேன்.

முன்சக்கரத்தைக் கழற்றினேன். ஃபோர்க்கைக் கழற்றினேன்.
சட்டத்தை நடுவில் அறுக்கையில்
பொறி தெறித்து முழங்கை பொசுங்கியது.
என் கைக்கு நானே களிம்பு தடவினேன்,
நோயாளிப் பட்டியலில் சேர்க்கவில்லை.

மரம் இழுக்கும் டிராக்டர் ஓட்டுகிற ஸவ்வா
ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.
"எலும்பையே ஒட்டுகிறாய், இரும்பு எம்மாத்திரம்"
என்று வெல்டிங் மிஷினை வைத்துவிட்டுப் போனான்.
எலும்பு தானாக ஒட்டும், ஸவ்வா.
அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் நாங்கள்.
இரும்புக்கு அந்த நல்ல குணம் கிடையாது.

பின் அச்சு, செத்துப்போன ஒரு ஜிகுலியுடையது.
எஞ்சினுக்கு ஒரு விசிறி,
பழைய பஸ்ஸின் ஹீட்டரிலிருந்து:
மெல்லப் போகிறவர்களுக்குக்
காற்று தானாக வராது.
சக்கரங்களுக்கு டயர் இல்லை, டிரெய்லர் டியூப்தான்,
நான்கு கொழுத்த கறுப்பு டியூப்கள்.
தீயணைப்பு நிலையம் கழித்துப்போட்ட குழாயை
நாடா நாடாய் வெட்டி
அவற்றைச் சுற்றிப் பின்னினேன்,
சுளுக்கிய கணுக்காலுக்குப் போடுகிற
அதே எட்டு வடிவக் கட்டு.
அதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை,
கை பாட்டுக்குச் செய்தது.

ரோதியோன் ஒரு ஞாயிறு வந்தான்.
பெட்ரோல் டேங்க்கைக் கேட்டான்,
அவன் பூசிய சிவப்பு அது.
தரமாட்டேன் என்றேன்.
கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
"செயின் ஒரு விரல் கோணல். அறுந்துவிடும்."
நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போனான்.
அவன் முதுகு மறையும்வரை காத்திருந்து
ஒரு விரல் நகர்த்தினேன்.

எல்லாம் முடிந்த இரவில்தான் அளந்தேன்:
ஷெட் கதவு ஒரு மீட்டர் எண்பது.
வண்டி இரண்டு மீட்டர் பத்து.
ஸவ்வா சிரித்துச் சிரித்து இருமினான்,
சுவரை அறுக்க ரம்பம் எடுத்துவந்தான்.
நான் நான்கு வால்வையும் திறந்தேன்.
நீளமான ஒரு பெருமூச்சு.
தொளதொளத்த ரப்பரை உள்ளுக்கு மடித்துப் பிடித்து
ரிம்மில் உருட்டி வெளியே தள்ளினோம்.
முற்றத்தில் வாக்யூம் கிளீனரின் பின்பக்கத்தை மாட்டி
திரும்ப ஊதினோம்.
ஸவ்வாவின் மனைவிக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

பதிவுப் புத்தகத்தில் அது இன்றும்
இருசக்கரம், சிவப்பு, உரிமையாளர் ரோதியோன்.
பனி புத்தகம் கேட்பதில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி இறங்கினேன்.
நடு ஆற்றில் தட்டு உடைகிற சத்தம்,
முன்சக்கரங்கள் தண்ணீருக்குள்.
நான் மூழ்குவதற்கு நேரம் கொடுத்தேன்.
மூழ்கவில்லை.
சோம்பேறி வாத்து மாதிரி மிதந்து
நாடாக்கள் தண்ணீரைத் துழாவித் துழாவி
விளிம்பைப் பிடித்து ஏறின.

அக்கரையில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை.
லுகேரியா கதவைத் திறந்தாள்.
என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.
"இப்போது வருகிறாய்" என்றாள்.
ஆமாம் என்றேன்.

வெளியே வந்து டியூபில் ஒரு குத்து விட்டாள்.
கை திரும்பி வந்தது. இன்னொரு குத்து.
பிறகு சொன்னாள்,
"டீ இருக்கிறது. அந்தச் சனியனை நிறுத்திவிட்டு வா."
நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்றேன்.

அவள் இரண்டு கோப்பைகளை வெளியே கொண்டுவந்தாள்.
படபடக்கிற எஞ்சின் பக்கத்தில்
நின்றபடியே குடித்தோம்,
அவள் ஏதோ சொன்னாள்,
சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை,
மறுபடி சொல்லச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.